சென்னை விடுதிக்குச் செல்லும் மகளுக்கு எந்த உடைகளை எடுத்து வைப்பது?

கேள்வி: நாங்கள் குன்னூரில் வசிக்கிறோம். என் மகளுக்குச் சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் வகுப்புகள் தொடங்குகின்றன. விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள். பிறந்ததிலிருந்து மலையில் வளர்ந்தவள் என்பதால் ஜீன்ஸ், ஹூடி, ஸ்வெட்டர் ஆகியவைதான் அவளிடம் அதிகம். முன்பு ஒரு மே மாதத்தில் திருமணத்துக்காகச் சென்னை போனபோது கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு வந்து மிகவும் துன்பப்பட்டாள். கல்லூரியில் சுடிதாரும் துப்பட்டாவும் கட்டாயம், லெக்கிங்ஸ் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். காட்டனைத் தவிர வேறு எதையும் கொடுக்காதே என்கிறார் என் மாமியார். விளையாட்டு வீரர்கள் அணியும் பாலியஸ்டர் டி-ஷர்ட்தான் வியர்வைக்கு நல்லது என்கிறாள் மகள். பதினைந்து சுடிதார் செட்டுக்குத் துணி எடுத்துவிட்டேன். பாதியை இன்னும் தைக்கக் கொடுக்கவில்லை. விடுதியில் ஒருவருக்கு ஒரு சிறிய அலமாரிதானாம். எதை எடுத்து வைப்பது, எதை விடுவது?
ஒரு வாசகி, குன்னூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகள்.

பாதித் துணியை இன்னும் தையற்காரரிடம் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே பெரிய வசதி. உங்கள் மாமியார் சொல்வதிலும் மகள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் துணி எந்த நூலால் ஆனது என்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஆடையியல் கற்பிப்பவள் என்ற முறையிலும், மாணவியர் விடுதிப் பொறுப்பில் இருந்தவள் என்ற முறையிலும் நான் சொல்வது இதுதான்: சென்னைக்கு எடுத்துப் போகும் ஒவ்வொரு துணியையும், உடம்பின் மேல் அது எவ்வளவு விரைவில் உலரும், விடுதிக் கொடியில் எவ்வளவு விரைவில் உலரும் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் பெரும்பாலும் இவற்றிலிருந்தே விடை கிடைத்துவிடும்.

நம் தோலின் வெப்பம் பொதுவாக 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் காற்று அதைவிட மிகவும் குளிர்ந்திருப்பதால் உடம்புச் சூடு தானாகவே வெளியேறிவிடுகிறது. அதைப் பிடித்து வைப்பதுதான் அங்கே உடையின் வேலை. சென்னையிலோ ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பகல் வெப்பம் 34, 35 டிகிரியைத் தொடும், இரவிலும் 25, 26 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. காற்றும் தோலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும்போது, வியர்வை ஆவியாவது ஒன்றுதான் உடம்பு குளிர்வதற்கு வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அதே வியர்வை வழிந்து சொட்டிவிட்டால் அந்தப் பயன் இல்லை. கடற்கரை ஊரின் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. மதுரையிலும் திருச்சியிலும் இதைவிடக் கடுமையான வெயிலைத் தாங்கிப் பழகியவர்கள்கூடச் சென்னைக்கு வந்ததும் கசகசப்பு தாங்கவில்லை என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி நூலைப் பற்றிச் சொல்கிறேன். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்படி அமைத்த ஆய்வுக்கூடத்தில், பருத்தி தன் உலர்ந்த எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தை ஏற்றுக்கொள்கிறது, ரேயான் எனப்படும் விஸ்கோஸ் 11 முதல் 13 விழுக்காடு வரை ஏற்கிறது, பாலியஸ்டர் 0.4 விழுக்காடுதான். இந்த அளவில் உங்கள் மாமியார் சொல்வது சரியே. ஆனால் ஜீன்ஸும் பருத்திதான் என்பதை மறந்துவிடக் கூடாது. கனமான பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு நாள் முழுவதும் ஈரமாகவே உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே காட்டன் என்று கடைக்காரர் சொன்னதும் திருப்தி அடைந்துவிடாமல், துணியை மடிக்காமல் ஒற்றையாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பின்னால் வைத்த விரல்களின் நிழல் மங்கலாகத் தெரிந்தால் அந்தக் கனம் சென்னைக்குப் பொருந்தும். மல், வாயில் (voile), மெல்லிய கேம்பிரிக் ஆகிய பருத்தித் துணிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. ஒரு முறை துவைத்துக் காய்ந்த துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உடனே பரவ வேண்டும். முத்தாக நின்றால் அந்தத் துணி வியர்வையையும் அப்படித்தான் நிறுத்தி வைக்கும். புதுத் துணியில் இந்தச் சோதனை சரியாக வராது, கஞ்சி இருக்கும்.

கடையில் கலப்புத் துணியைக் காட்டன் என்று கொடுத்திருக்கிறார்களோ என்ற ஐயம் இருந்தால், ஓரத்திலிருந்து இரண்டு நூல்களை உருவி, தண்ணீர்த் தொட்டியின் அருகே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி நூல் காகிதம் எரிவதைப்போல் எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாகிவிடும். நீங்கள் எடுத்த துணிகள் ஒவ்வொன்றிலும் இதைச் செய்து பார்ப்பதற்கு ஒரு மாலை நேரம் போதும்.

தைக்காத துணிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல பருத்தித் துணி பலவும் தையலில்தான் வீணாகிறது. முதலில் எல்லாத் துணிகளையும் இரவு முழுவதும் தண்ணீரில் நனைத்து, அலசி, நிழலில் உலர்த்திய பிறகே தையற்காரரிடம் கொடுங்கள். கேம்பிரிக் முதல் நனைப்பில் சுருங்கும், நனைக்காமல் தைத்தால் அந்தச் சுருக்கம் முழுவதும் மார்பிலும் அக்குளிலும் தெரியும். கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பல வீடுகளில் நம்புகிறோம். ஏற்கெனவே சாயமிட்ட துணியில் உப்பு சாயத்தை நிலைநிறுத்தாது. சாயம் போகும் துணியைத் தனியாகத் துவைப்பதுதான் வழி.

அடுத்தது லைனிங். வெளியே அருமையான மல் துணி, உள்ளே வழுவழுவென்ற பாலியஸ்டர் கிரேப் என்று தைத்துவிட்டால், தோலைத் தொடுவது பாலியஸ்டர்தான். வெளித்துணிக்குக் கொடுத்த பணத்துக்குப் பயனே இல்லை. கடையில் வாங்கும் ரெடிமேட் குர்த்திகளில் இது மிகவும் சாதாரணம், ஆகவே வாங்கும்போது உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தையற்காரரிடம் மெல்லிய பருத்தி லைனிங்கை நீங்களே வாங்கிக் கொடுத்து, அதையும் நனைத்துக் கொடுத்து, இடுப்பு வரை மட்டும் வைக்கச் சொல்லுங்கள். லைனிங்கே வைக்காமல், மெல்லிய பருத்தி ஸ்லிப்புகள் நான்கைந்து வாங்கிக்கொண்டு எல்லாக் குர்த்திகளுக்கும் அவற்றையே உள்ளே அணிவது இன்னும் நல்லது. துவைப்பதும் எளிது, காய்வதும் விரைவு.

அளவு கொடுக்கும்போது, குன்னூரில் அவள் அணிந்த உடையை அளவு உடையாகக் கொடுக்காதீர்கள். அக்குள் சுற்றளவில் ஓர் அங்குலமும், மார்பிலும் இடுப்பிலும் வழக்கத்தைவிட இரண்டு அங்குலமும் கூடுதலாக விடச் சொல்லுங்கள். உடம்புக்கும் துணிக்கும் இடையே காற்று நுழைந்து வெளியேறினால்தான் வியர்வை உலரும். இறுக்கமான அக்குள் முதலில் நனைகிறது, பிறகு நிறம் மாறுகிறது, கடைசியில் அந்தத் தையலில்தான் துணி கிழிகிறது. கை முழங்கை அளவுக்கு இருந்தால் கல்லூரி விதிக்கும் பொருந்தும், வெயிலுக்கும் ஏற்றது. கழுத்துக்குப் பின்புறம் காலர் வைத்த மாதிரிகள் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் உங்கள் மகளுக்குக் கழுத்தில் வேர்க்குரு வந்திருப்பதால் அவற்றை விட்டுவிடுங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை, வியர்வைத் திட்டு மிகத் தெளிவாகத் தெரிவது சாம்பல் நிறத்திலும் வெளிர் நீல ஒற்றை நிறத்திலும்தான். புது ஊரில், புது வகுப்பில் அமர்ந்திருக்கும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இது சிறிய விஷயமாக இருக்காது. சிறு பூக்கள், கட்டங்கள், அச்சு வேலைப்பாடு உள்ள துணிகளில் ஈரம் தெரிவதில்லை. வெள்ளையை ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். சென்னை விடுதிகள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான் வருகிறது, அதில் வெள்ளைத் துணி சில மாதங்களிலேயே பழுப்பேறிவிடும்.

கால்களுக்கு லெக்கிங்ஸ் கூடாது என்ற விதியை ஒரு நன்மையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தொடையோடு ஒட்டும் துணி ஈரத்தையும் உராய்வையும் சேர்த்துப் பிடித்து வைக்கிறது. பருத்தி ஸ்ட்ரெய்ட் பேன்ட் அல்லது தளர்வான சல்வார் போதும்; கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும்படி தைக்கச் சொல்லுங்கள், மழை நீரில் ஓரம் நனையாது. தரையைப் பெருக்கும் அகலமான பலாஸோ மழைக்காலத்துக்கு ஆகாது. துப்பட்டாவில் ஷிஃபான் வேண்டாம். மெல்லிய பருத்தித் துப்பட்டாக்கள் மூன்று, எல்லா உடைகளுக்கும் சேரும் நிறங்களில் இருந்தால் போதும்.

உங்கள் மகள் சொல்லும் விளையாட்டு டி-ஷர்ட்டைப் பற்றி: அந்தப் பாலியஸ்டர் துணி ஈரத்தை நூலுக்குள் வாங்குவதில்லை, நூல்களின் இடைவெளி வழியே வெளிப்பக்கத்துக்கு இழுத்துப் பரப்புகிறது, அதனால் விரைவில் காய்கிறது. ஓடுவதற்கும் விளையாடுவதற்கும் அது மிகவும் ஏற்றது. ஆகவே இரண்டு எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் உடம்பின் எண்ணெய்ப் பசை பாலியஸ்டரில் ஒட்டிக்கொண்டு எளிதில் போவதில்லை, அதிலிருந்துதான் தீராத வாடை வருகிறது. அணிந்த அன்றே துவைக்க வேண்டும். நாள் முழுவதும் வகுப்பில் அணியும் உடையாக அது வேண்டாம். அறையில் அணிய மூன்று பருத்தி டி-ஷர்ட்டுகள் வாங்குவதென்றால் ஜி.எஸ்.எம். எனப்படும் எடை அளவை, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதைக் கேட்டு, 140 முதல் 160 வரை உள்ளதை வாங்குங்கள். ஹூடிக்குப் பயன்படும் துணி இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். ரேயான் குர்த்தி ஒன்றிரண்டு இருந்தால் எடுத்துப் போகட்டும். உடுத்தச் சுகமானது, ஆனால் நனைந்திருக்கும்போது அதன் வலு குறைந்துவிடும் என்பதால் பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

ஜீன்ஸில் மெல்லியதாக ஒன்று போதும். நவம்பர் மழையில் துவைத்த ஜீன்ஸின் இடுப்புப் பட்டியும் பை ஓரமும் இரண்டு மூன்று நாள்கூட ஈரமாகவே இருக்கும். ஹூடிகள் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். சென்னையில் மிகவும் குளிரும் என்று சொல்லப்படும் ஜனவரி விடியற்காலையிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். குளிரூட்டிய ஆய்வகத்தில் அமர வேண்டி வந்தால் ஒரு மெல்லிய கார்டிகன் போதும். ஸ்வெட்டர் ஒன்றை மட்டும், விடுமுறைக்கு ஊர் திரும்பும் பயணத்துக்காக வைத்துக்கொள்ளட்டும். இரவில் சென்னை சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி விடியலில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலையேறும்போது அது தேவைப்படும்.

இனி எண்ணிக்கை. குன்னூரில் ஓர் உடையை இரண்டு மூன்று நாள் அணிந்தாலும் தவறில்லை. சென்னையில் ஒரு முறை அணிந்தது அன்றே துவைக்கப் போக வேண்டும். ஆகவே துணியின் கனம் குறைய வேண்டும், எண்ணிக்கை கூட வேண்டும். ஆனால் பதினைந்து தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு முறை துவைப்பாள், மழையில் காய்வதற்கு இரண்டு நாள் ஆகும் என்று வைத்துக் கணக்கிட்டால், ஏழு அல்லது எட்டுக் குர்த்திகள், ஐந்து பேன்ட்டுகள், மூன்று துப்பட்டாக்கள், இரவுக்கு மூன்று தளர்வான பருத்தி உடைகள், விழாவுக்கு ஒரு நல்ல உடை ஆகியவை போதுமானவை. உள்ளாடைகள் மட்டும் பன்னிரண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். மீதித் துணிகளைத் தைக்காமல் வைத்திருங்கள். தீபாவளிக்கு வரும்போது எது வசதியாக இருந்தது, எது அலமாரியில் தூங்கியது என்று அவளே சொல்வாள், அதற்கேற்பத் தைத்துக் கொடுக்கலாம். நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து இப்போதே கட்டி அனுப்ப வேண்டாம், தீபாவளி வரைக்கும் கட்டினால் போதும். சென்னையிலேயே தியாகராய நகரிலும், கோ-ஆப்டெக்ஸ், கதர் கடைகளிலும் நல்ல பருத்தி கிடைக்கும். அவள் கையில் அதற்கென்று சிறிது பணம் கொடுத்து வையுங்கள்.

எடுத்து வைக்கும் வேலையை அவளையே செய்யச் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் அவள் பாட்டியும் அருகில் அமர்ந்து யோசனை சொல்லலாம். ஆனால் அவள் விரும்பாத உடை எவ்வளவு மெல்லிய மல்லாக இருந்தாலும் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

விடுதியில் துணி உலர்த்துவதைப் பற்றி இப்போதே பேசிவிடுங்கள். வியர்வையில் நனைந்த உடையை அப்படியே அழுக்குக் கூடையில் போட்டு மூடினால் இரண்டு நாளில் புளித்த வாடை வரும், நான்கு நாளில் பூஞ்சையின் கரும்புள்ளி விழும். அந்தப் புள்ளி பருத்தியிலிருந்து எளிதில் போகாது. கழற்றியதும் ஒரு மணி நேரம் கொடியில் விரித்துவிட்டுப் பிறகு கூடையில் போடட்டும். உப்புத் தண்ணீரில் சோப்புக் கட்டி நுரைக்காமல் திரிந்து, வெள்ளையான பிசுக்காகத் துணியில் படியும். சலவைத் தூளோ திரவமோதான் அங்கே பயன்படும். ஒரு நைலான் கயிறும் இரண்டு டஜன் கிளிப்புகளும் பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

விடுதிகளில் நான் மிகுதியாகப் பார்த்த பழக்கம் ஒன்றை வெளிப்படையாகவே சொல்கிறேன். நம் பெண்கள் உள்ளாடைகளைத் தனியாகக் காயப்போடக் கூச்சப்பட்டு, துண்டுக்கு அடியிலோ நைட்டிக்கு அடியிலோ மறைத்துக் காயவைக்கிறார்கள். மேலே உள்ள துணி காய்ந்துவிடும், அடியில் இருப்பது காயாது. அந்த அரை ஈரத்தோடு எடுத்து அணிகிறார்கள். இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வரும் படர்தாமரைக்கு இதைப்போன்ற வாய்ப்பு வேறில்லை. வெயிலும் காற்றும் படும் இடத்தில் வெளிப்படையாகக் காயப்போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை அவளிடம் அம்மாவாகிய நீங்கள் சொல்வதுபோல் வேறு யாரும் சொல்ல முடியாது. மழை நாட்களில் மின்விசிறியின் கீழ் முதலில் காய வேண்டியவையும் அவைதான். மாதவிடாய் நாட்களுக்கான உள்ளாடைகளுக்கும் இதே விதி.

துண்டு விஷயத்தில், தடித்த டர்க்கி டவலை விட்டுவிட்டு ஈரோட்டுப் பக்கத்து ஈரிழைத் துண்டு மூன்று வாங்குங்கள். காலையில் குளித்துவிட்டுப் போட்டால் மாலைக்குள் காய்ந்திருக்கும். படுக்கை விரிப்பும் அப்படியே. மெல்லிய பருத்தி விரிப்பு இரண்டு, போர்த்திக்கொள்ள மெல்லிய போர்வை ஒன்று. கம்பளி வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லி மீட்டரில் பாதிக்கும் மேல் அந்தப் பருவத்தில் பெய்துவிடும். அதற்கு முன்பே ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் இடியோடு திடீர் மழை வரும், ஆகவே குடை முதல் நாளிலிருந்தே பையில் இருக்கட்டும். உடம்பை முழுக்க மூடும் ரெயின்கோட் உள்ளே வியர்வையை அடைத்துவிடும். நடந்து போகும் தூரத்துக்குக் குடையும், புத்தகப் பைக்கு ஓர் உறையும் போதும். காலணியில் பின்வார் உள்ள ரப்பர் செருப்பு ஒரு ஜோடி அவசியம். கான்வாஸ் ஷூ மழையில் நனைந்தால் காய நாளாகும். தேங்கிய நீரில் நடக்க நேர்ந்தால் அறைக்கு வந்ததும் கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைக்க வேண்டும்.

முதலாண்டில் பட்டறைப் பயிற்சியும் வேதியியல் ஆய்வகமும் இருக்கும். மேற்கோட்டு, மூடிய ஷூ ஆகியவற்றைக் கல்லூரி சொல்லும் வகையில் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த நாட்களில் உள்ளே அணிவது பருத்தியாக இருக்க வேண்டும் என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வெல்டிங் பொறியோ பர்னர் சுடரோ பட்டால் பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். துப்பட்டாவை மேற்கோட்டுக்குள் அடக்கி, பின் குத்திக்கொண்ட பிறகுதான் கடைசல் இயந்திரத்தின் அருகே போக வேண்டும்.

வேர்க்குருவைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள். வெப்பத்துக்கு உடம்பு பழகுவதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். அந்த நாட்களில்தான் அவளுக்கு மிகுந்த தொல்லை இருக்கும், ஆகவே இருப்பதிலேயே மெல்லிய, தளர்வான உடைகளை முதல் இரண்டு வாரத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். வகுப்பு முடிந்து வந்ததும் குளித்து, உலர்ந்த உடைக்கு மாறினாலே பெரும்பாலும் வேர்க்குரு அடங்கிவிடும். பவுடரை அப்பிக்கொள்வதால் அது குணமாவதில்லை. ஆனால் இடுப்பிலோ தொடையிலோ வட்டமாக, ஓரம் சிவந்து, அரிப்போடு திட்டு வந்தால் அது வேர்க்குரு அன்று. அப்போது மருந்துக் கடையில் கேட்டோ அறைத் தோழி தந்தோ ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவக் கூடாது. அரிப்பு அடங்கியதுபோல் தோன்றி, படர்தாமரை உள்ளுக்குள் பரவி முற்றிவிடும். தன் துண்டையும் உடைகளையும் மற்றவர்களோடு பகிராமல், அந்த வாரமே தோல் மருத்துவரிடம் போய்க் காட்டட்டும்.